1,140 முறை பார்த்தவர்

1

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பார்க்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று வீடியோ தளத்திலிருந்து லிஸ்ட் வரும். ஒன்பதே முக்காலுக்கே சகாயராஜ் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கும் ரிச்சி தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் கேபிள் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. 'கழட்டிப் பார்' சேனலின் ஸ்டூடியோ என்று வெளியே போர்டு சொல்லும். உள்ளே வந்தால் இரண்டு அறை, ஒரு நீள மேஜை, பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள், அவற்றுக்கு நடுவில் நாற்பத்து மூன்று வயது சகாயராஜ். பதினோரு வருடமாக எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு எந்தக் கேமைத் தாங்கும், எது தாங்காது என்று தமிழில் சொல்லிக்கொண்டிருப்பவன். இப்போதெல்லாம் காமிரா ஓடும்போது மட்டும்தான் அவன் குரலில் உயிர் வரும். நிறுத்தியதும் போய்விடும்.

"வந்துடுச்சுண்ணா" என்றாள் ரெஹானா. எடிட்டர். ஆறு வருடமாக அவன் கொட்டாவியையும் உளறலையும் வெட்டி எறிந்துகொண்டிருப்பவள்.

"படி."

"மூணாவது இடம். 'அப்பாவுக்குத் தெரியாம கிராஃபிக்ஸ் கார்டு மாத்தறது எப்படின்னு காட்டுங்க.' ரெண்டாவது இடம். 'அந்த கேபினெட் ஃபேன் சத்தத்தை மட்டும் ஒரு மணி நேரம் போடுங்க. தூக்கம் வர மாட்டேங்குது.'"

"ம்."

"எனக்கு என்னவோ மாதிரி இருக்குண்ணா. இதெல்லாம் யாரும் வாயைத் திறந்து கேக்கலை. தூங்கறவன் பல்லை எண்ணற மாதிரி இருக்கு."

"முதல் இடம் சொல்லு."

ரெஹானா திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"'குமணன் சிரிக்கிற இடம் எனக்கு வேணும். அவரைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க.'"

ஜன்னலுக்கு வெளியே யாரோ லாரியிலிருந்து மானிட்டர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டி விழும் சத்தமும் கேட்டது.

"விட்டுடு. ரெண்டாவதை எடுத்துக்கலாம்."

"முடியாதுண்ணா. போன வாரமும் முதல் இடத்தை விட்டோம். அதுக்கு முந்தின வாரமும் விட்டோம். மூணாவது வாரமும் விட்டா சேனலைக் கீழே தள்ளிடுவாங்க. அதுக்கப்புறம் நம்ம வீடியோவை நம்ம வீட்டுக்காரங்களே தேடித்தான் பாக்கணும்."

சகாயராஜ் போனை எடுத்து, வீடியோ தளத்தின் சென்னை அலுவலகத்துக்கு அடித்தான். பிரசன்னா எடுத்தான். சேனல்காரர்களைச் சமாதானப்படுத்துவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன்.

"சார், நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்!" என்றான் பிரசன்னா. "உங்க முதல் சஜஷனைப் பார்த்து எங்க டீமே அசந்து போச்சு. ஒரே ஒரு பார்வையாளர், சார். சென்னைக்காரர். மூணு மாசத்துல 1,140 தடவை வந்திருக்கார். எல்லாமே ஒரே எபிசோட், எண்பத்தெட்டு. பதினோராவது நிமிஷம் நாற்பதாவது செகண்டுல வந்து நிக்கறார். உறைஞ்சு போறார். மறுபடி முதல்லேர்ந்து பாக்கறார். திரும்ப அதே இடத்துல நிக்கறார்."

எண்பத்தெட்டு. சகாயராஜுக்குப் பார்க்கத் தேவையில்லை. பவர் சப்ளை பட்டென்று வெடித்து, அவன் மேஜைக்கடியில் பாய்ந்து, அப்போது கூட்டாளியாகப் பக்கத்தில் நின்ற குமணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த இடம்.

"யாரு அவர்?"

"அது எங்களுக்கே தெரியாது, சார். தெரியவும் கூடாது, சட்டம். ஆனா ஒண்ணு சொல்றேன். இவ்வளவு ஆழமான பற்றை எங்க சிஸ்டம் இதுவரைக்கும் பார்த்ததே இல்லை. அவரைக் கூட்டிட்டு வாங்க. மேலே ஏத்தறதை நாங்க பாத்துக்கறோம்."

2

மே மாத வெயிலில் ஸ்வெட்டர் போட்ட ஒரே மனிதன் அந்த வட்டாரத்தில் குமணன்தான்.

மாதவரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கு. ஆப்பிள், பட்டாணி, ஏற்றுமதிக்குப் போகும் இறால். பத்து அறைகளின் வெப்பநிலையை ஷிப்டு முழுக்கப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவன், சகாயராஜைப் பார்த்ததும் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"யாரு செத்துட்டாங்க?"

"ஏன்டா?"

"நாலு வருஷம் கழிச்சு வர்றே. கையில கல்யாணப் பத்திரிகை இல்லை. அப்ப சாவாத்தானே இருக்கணும்?"

டீக்கடை நிழலில் நின்றார்கள். சகாயராஜ் சுற்றி வளைக்கவில்லை. லிஸ்டைச் சொன்னான்.

"லிஸ்டா?" என்றான் குமணன். "இன்னுமா அந்த லிஸ்ட்?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. 'வெள்ளிக்கிழமை நீங்க சொல்லுங்க, நாங்க செய்யறோம்.' இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த வழக்கம் அது. பார்க்கிறவர்கள் யோசனை எழுதுவார்கள், அதிக லைக் வாங்கியதை வெள்ளிக்கிழமை செய்தே தீர வேண்டும். ஒரு தடவைகூட மீறியதில்லை. மதர்போர்டை மோரில் கழுவியிருக்கிறார்கள். இட்லிப் பானைக்குள் கம்ப்யூட்டர் கட்டி, கேம் ஓட்டி, அதிலேயே இட்லியும் அவித்திருக்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பதாயிரம் லைக்கோடு ஒரு யோசனை முதலிடத்துக்கு வந்தது. 'பக்கத்துல நிக்கிற ஆள் இளிப்பு தாங்கலை. அவரைத் தூக்குங்க.'

காமிரா முன்னால் அதைப் படித்தவனே குமணன்தான். படித்தான், சிரித்தான், சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றி மேஜையில் வைத்தான், டாட்டா காட்டிவிட்டுக் காட்சியிலிருந்து வெளியே நடந்தான். விளையாட்டுதான். திங்கட்கிழமை வழக்கம்போல வந்தபோது சகாயராஜ் சொன்னான், "வியூஸ் நல்லாப் போகுதுடா. ஒரு வாரம் பாப்போமே." அந்த ஒரு வாரம்தான் நாலு வருடமாகியிருந்தது.

"இப்ப யாரும் எழுதறதில்லை" என்றான் சகாயராஜ். "கமென்டையே மூடிட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி கணக்கெடுத்தாங்க. எழுதறதுல நூத்துக்குத் தொண்ணூறு மெஷின். ஆளே இல்லை. மெஷின் எழுதுது, மெஷின் லைக் போடுது."

"அப்ப என்னைத் தூக்கச் சொன்ன ஒன்பதாயிரம் பேர்ல?"

சகாயராஜ் டீயைப் பார்த்தான். "அதை யாரும் எண்ணிப் பாக்கலை."

"சரி. மேலே சொல்லு."

"இப்ப வேற முறை. வாயால சொல்றது பொய்யா இருக்கலாம். பாக்கறது பொய்யா இருக்காது, இல்லையா? எங்க நிறுத்தறாங்க, எங்க தள்ளிவிடறாங்க, எதைத் திரும்பத் திரும்பப் பாக்கறாங்கன்னு சிஸ்டம் பாக்குது. பாத்துட்டு, இந்த ஆள் வாயைத் திறந்திருந்தா என்ன கேட்டிருப்பார்னு அதுவே எழுதிக் குடுக்குது. எழுதாதவங்களோட சஜஷன்."

"கேக்காததைக் கேட்டதா எழுதறது."

"அப்படியும் சொல்லலாம்."

"அதுல யாரோ என்னைக் கேட்டிருக்காங்க."

"1,140 தடவை. ஒரே ஆள். நீ சிரிக்கிற இடத்துல வந்து உறைஞ்சு போறாராம்."

கிடங்குக்குள் ஒரு மணி அடித்தது, எந்த அறையிலோ வெப்பம் ஒரு டிகிரி ஏறியிருக்கும். குமணன் திரும்பிப் பார்த்தான், ஆனால் போகவில்லை.

"எனக்கு என்ன கோபம்னா, சகா" என்றான் கடைசியில். "நீ விட்டது கூட இல்லை. அதுக்கப்புறம் நான் வீட்ல சிரிச்சா மேகலா என் மூஞ்சியைப் பாப்பா. சிரிக்கும்போதே எனக்கு ஞாபகம் வந்துடும்னு அவளுக்குத் தெரியும். பாதியில நிறுத்திடுவேன். பெத்த பொண்ணு சொல்ற ஜோக்குக்கு பாதிச் சிரிப்பு." டீ கிளாஸைக் கீழே வைத்தான். "ஒரு ஆளு இருக்கான்ற. ஒரே ஒரு ஆளு."

"ஆமாண்டா."

"ஒரு ஆளு போதும்டா."

3

அடுத்த திங்கட்கிழமை குமணன் வந்தான். ஸ்வெட்டர் இல்லை.

"வேலையை விட்டுட்டேன்" என்றான், செருப்பைக் கழற்றிக்கொண்டே. காய்கறி வாங்கி வந்துவிட்டேன் என்கிற மாதிரி.

சகாயராஜ் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "அவசரப்பட்டுட்டியோ?"

"அவசரமா? நாலு வருஷம் ஆச்சு."

அன்று ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வைத்து ரேஸ் கேம் ஓட்டினார்கள். மெஷின் மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கியது. "இதுக்கு என் மாமனார் ஸ்கூட்டர் தேவலை" என்றான் குமணன். "அதுவாவது தள்ளினா ஸ்டார்ட் ஆகும்." மூலையில் ஹெட்போன் மாட்டியிருந்த ரெஹானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீடியோ போன மறுநாள் இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். ஒரு வருடமாக இருபதாயிரத்தைத் தாண்டாத சேனல். மின்விசிறி ஆராய்ச்சி என்று இன்னொரு வீடியோ. அதற்கு மூன்று லட்சம்.

ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் குமணன் காமிராவுக்குக் கொஞ்சம் கிட்டே வருவான். "ஒருத்தர் இருக்கீங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. ஆணா பொண்ணா, தெரியாது. ஆனா உங்களுக்காகத்தான் வந்தேன்." அவ்வளவுதான். போய்விடுவான்.

அந்தப் பத்து வினாடியை ரெஹானா ஒரு தடவைகூட வெட்டவில்லை.

சகாயராஜ் பல மாதங்களுக்குப் பிறகு பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கினான். வீட்டுக்கு இரண்டு ஸ்டாப் தள்ளித்தான் விழிப்பு வந்தது.

4

இரண்டாவது வாரம், திங்கட்கிழமை மதியம். குமணன் சாப்பிடக் கீழே போயிருந்தான்.

"அண்ணா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள் ரெஹானா. குரல் சரியில்லை.

உள் அறையில் இரும்பு அலமாரி. அதில் ஆறு கம்ப்யூட்டர்கள், மூடி இல்லாமல், எலும்பு தெரிய. விற்பனைக்கு வரும் புதுப் பாகங்களை மாட்டி, மதியம் தோறும் நாலு மணி நேரம் வீடியோ ஓடவிட்டு, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஏதாவது ஒரு வீடியோ ஓட வேண்டும், அவ்வளவே. எப்போதோ ஒரு நாள் ரெஹானா சேனலின் வீடியோ ஒன்றையே இணையத்திலிருந்து ஓடவிட்டாள். அதுவே பழகிப்போனது.

"என்ன வீடியோ ஓடுது பாருங்க."

எண்பத்தெட்டு.

"பாத்துட்டே இருங்கண்ணா. மூணாவது மெஷினை."

ஐந்து திரைகளில் வீடியோ ஒழுங்காக ஓடியது. மூன்றாவதில் ஓடியது, ஓடியது, பவர் சப்ளை வெடித்தது, திரை முழுக்க வெளிச்சம் பரவியது, குமணன் வாய் திறந்து சிரித்தான். அங்கேயே நின்றுவிட்டது. உறைந்த சிரிப்பு. அரை நிமிடம் கழித்து மெஷின் தானாகவே அணைந்து, தானாகவே எழுந்து, வீடியோவை முதலிலிருந்து ஆரம்பித்தது.

"சூடு தாங்காம ஹேங் ஆகுதுண்ணா. அந்த வெளிச்சம் வர்ற இடத்துல லோடு ஏறுது, அங்க விழுந்துடுது. திரும்ப எழுந்து திரும்ப அங்கயே விழுது. மூணு மாசமா. நாமதான் கவனிக்கலை, ராத்திரி ரிப்போர்ட்ல 'ரீஸ்டார்ட்'னு ஒரு வரி வரும், நான் தாண்டிப் போயிடுவேன்."

சகாயராஜ் அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"தற்செயலா இருக்கலாம்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். ஷூட்டிங் நாள்ல சத்தம் கேக்கும்னு அலமாரியை அணைச்சுடறோம்ல? அந்த நாள்லல்லாம் அந்தப் பார்வையாளர் வரவே இல்லை. இப்ப பாருங்க." அவள் லேப்டாப்பைத் திருப்பினாள். அந்தப் பார்வையாளர் எத்தனை தடவை வந்தார் என்று சேனல் கணக்கு காட்டியது: 1,291. மெஷின் விழுந்து எழுந்தது. 1,292. சுவிட்சை அணைத்தாள். எண் அசையவில்லை. போட்டாள். அணைத்தாள். போட்டாள். 1,293.

"நாமதான்ணா அந்த ஆளு" என்றாள் ரெஹானா.

பிரசன்னாவுக்குப் போன் போட்டான். பிரசன்னா முழுவதையும் கேட்டான். ஆச்சரியப்படவில்லை. அதுதான் சகாயராஜை இன்னும் அதிகமாகக் கலக்கியது.

"சார், ஃப்ரெண்டா சொல்றேன். யாருடைய பார்வையாளர்ல எத்தனை பேர் ஆளுன்னு யாருக்கும் தெரியாது. கடை வாசல்ல ஓடற டிவி, குழந்தை கையில குடுத்துட்டு அம்மா மறந்துபோன போன், ஆஸ்பத்திரி வரவேற்புல ஓடறது... எல்லாத்துக்கும் எங்க சிஸ்டம் ஒரு ஆசையை எழுதிக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கு. நாங்க தோண்டறதில்லை. நீங்களும் தோண்டாதீங்க."

"ஒருத்தன் வேலையை விட்டுட்டு வந்திருக்கான், பிரசன்னா."

"வந்தது நல்லதாத்தானே போச்சு? மூணு லட்சம் பேர் பாத்தாங்களே, அவங்கள்லாம் ஆளுதானே?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "பெரும்பாலும்."

5

சொல்ல வேண்டும். அதில் சகாயராஜுக்குச் சந்தேகமே இல்லை. எப்போது என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை ஷூட்டிங். ஷூட்டிங்குக்கு முன்னால் சொன்னால் வேலை கெடும் என்று தள்ளினான். முடிந்த பிறகு குமணன் களைத்திருந்தான்.

புதன்கிழமை குமணனின் மனைவி மேகலா போன் செய்தாள். "அண்ணே, ரொம்ப நாளைக்கப்புறம் நேத்து வீட்ல டிவி பாத்து சத்தமா சிரிச்சாருண்ணே. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பாத்தாங்க." சகாயராஜ் "நல்லதும்மா" என்றான். போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை வாயில் கசந்தது.

வியாழக்கிழமை ரெஹானா கேட்டாள். "சொல்லிட்டீங்களா?"

"இன்னிக்கு."

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

"ரெஹானா, நான்தான் சொல்லணும். நான்தானே போய்க் கூப்பிட்டேன்?"

"அதான்ணா நானும் பொறுத்துட்டிருக்கேன்."

வெள்ளிக்கிழமை. யாரும் சொல்லாமலேயே குமணன் அன்று காமிராவுக்கு வழக்கத்தைவிடக் கிட்டே வந்தான். "ஒருத்தர் இருக்கீங்கன்னு சொல்லிட்டே இருக்கேன். எத்தனை நாளைக்குத்தான் சொல்லிட்டே இருக்கறது? ஞாயித்துக்கிழமை இங்க வாங்க. ரிச்சி தெரு பின்னாடி, கேபிள் கடை மாடி. எங்க வீட்ல வஞ்சிரம் குழம்பு வெச்சு எடுத்துட்டு வரேன். உங்க முகத்தை ஒரு தடவை பாத்துடறேன்."

சொல்லிவிட்டு அவன் காமிராவை விட்டுவிட்டு நேராக சகாயராஜைப் பார்த்தான். மூன்று வினாடி. நாலு வினாடி.

சகாயராஜ், "கட்" என்றான்.

ரெஹானா ஹெட்போனைக் கழற்றினாள். "இதை வெட்டிடவாண்ணா?" மெதுவாகக் கேட்டாள்.

அதை வெட்டினால் ஏன் என்று குமணன் கேட்பான். கேட்டால் அங்கேயே, விளக்கு வெளிச்சத்தில் சொல்ல வேண்டியிருக்கும். சகாயராஜுக்குக் கால் வலித்தது. முதுகு வலித்தது. பதினோரு வருடமும் ஒரே சமயத்தில் வலித்தது.

"இருக்கட்டும். போட்டுடு" என்றான்.

6

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குமணன் படியேறி வந்தான். ஸ்டூடியோவில் சகாயராஜ் மட்டும்தான். ரெஹானாவை டீ வாங்கிவர அனுப்பியிருந்தான், வேண்டுமென்றே.

"நாளைக்கு எத்தனை மணிக்குடா வரச் சொல்லலாம்?" என்றான் குமணன், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "நேரம் சொல்லாம விட்டுட்டேன். பன்னெண்டா, ஒண்ணா?"

"யாரும் வரமாட்டாங்க, குமணா."

"ஏன்?"

"அப்படி ஒரு ஆளே இல்லை."

சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு, ஒன்று விடாமல். அலமாரி, எண்பத்தெட்டு, மூன்றாவது மெஷின், சூடு. சொல்லச் சொல்லத் தோளிலிருந்து ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தது. முடித்தபோது கண்ணில் தண்ணீர். "என்னை என்ன வேணா சொல்லுடா. மாதவரத்துல நான் பேசறேன். மேனேஜர் கால்ல வேணா விழறேன். உன் வேலையைத் திருப்பி வாங்கித் தரேன்."

குமணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேலை அங்கயேதான் இருக்கு" என்றான்.

"என்னது?"

"நான் விடலை. பதினஞ்சு நாள் லீவு. நாளையோட முடியுது. உன்கிட்டப் பொய் சொன்னேன்." அவன் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "ஒரு தடவை லிஸ்ட்ல போனவன்டா நான். ரெண்டாவது தடவை லிஸ்டை நம்பி வேலையை விடுவேனா? எனக்குப் பொண்ணு இருக்கு."

சகாயராஜுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்குப் பின்னாலேயே வேறொன்று வந்தது. அதற்கு அவனிடம் பெயர் இல்லை.

"வந்த மூணாவது நாளே அலமாரியைப் பாத்துட்டேன்" என்றான் குமணன். "மூணாவது மெஷின் என் மூஞ்சியிலயே வந்து வந்து விழுந்துட்டிருந்தது. நானும் இந்தத் தொழில்லதானே இருந்தேன்? ப்ராசஸர் மேல சூட்டை இறக்கத் தடவற பேஸ்ட் காஞ்சு பொருக்கு தட்டிப் போயிருக்கு, அதான் சூடு. ரெண்டு நிமிஷ வேலை. பண்ணியிருப்பேன். பண்ணலை."

"தெரிஞ்சுமா? பின்ன ஏன்டா வந்துட்டே இருந்தே?"

"நல்லா இருந்தது." தோளைக் குலுக்கினான். "நிஜமாச் சொல்றேன். இங்க நின்னுக்கிட்டு வாய்க்கு வந்ததைப் பேசறது நல்லா இருந்தது. சரி, சகாவுக்கும் தெரியாம இருக்கலாம், மெஷின் ஏமாத்தினதுக்கு அவன் என்ன பண்ணுவான்னு நினைச்சேன். தெரியவரும்போது சொல்லுவான்ல, பாப்போம்னு இருந்தேன்."

"சொல்லிட்டேனே!"

"சொல்லிட்டே." குமணன் இப்போதுதான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான். கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. "உனக்கு எப்பத் தெரியும்?"

ஒரு வினாடி.

அந்த ஒரு வினாடியில் சகாயராஜ் எதையும் திட்டமிடவில்லை. ஐந்து நாள் என்று சொல்ல நாக்கு எழுந்தது. ஐந்து நாள் பெரிதாகத் தெரிந்தது. ஏற்கெனவே பிழிந்து போட்ட தன்னிடம் இன்னும் ஒரு பிழி கேட்ட மாதிரி இருந்தது. சொல்ல வேண்டியதைத்தான் சொல்லியாகிவிட்டதே.

"இன்னிக்குக் காலையிலதான்" என்றான்.

குமணன் தலையாட்டினான். மெதுவாக, பல தடவை.

"திங்கட்கிழமை மத்தியானம் பர்ஸை மறந்துட்டு மேல வந்தேன்" என்றான். "ரெஹானா அந்த சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைச்சுக்கிட்டு இருந்தா. நீ அலமாரியைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. 'நாமதான்ணா அந்த ஆளு'ன்னு அவ சொன்னதும் கேட்டுச்சு. நான் அப்படியே கீழே இறங்கிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் சொல்லுவே, மறுநாள் சொல்லுவேன்னு... நேத்து காமிராவை விட்டுட்டு உன்னையே பாத்தேன்."

சகாயராஜ் உள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

குமணன் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தான். தட்டச்சு செய்த கடிதம். 'மேலாளர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, கீழே அவன் கையெழுத்து. தேதி போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"ராஜினாமா. புதன்கிழமை மேகலாகிட்டக் காட்டினேன். 'மெஷின்னு தெரிஞ்சுமாங்க?'ன்னு கேட்டா. 'ஆளு இல்லைன்னா என்ன, சகா இருக்கான்ல'ன்னேன். அஞ்சு நாள் லேட்டாச்சுன்னாலும் பரவாயில்லைன்னு நினைச்சுத்தான் இன்னிக்கு இதையும் எடுத்துட்டு வந்தேன். தேதி போட்டுட்டு நேரா அங்க போறதா இருந்தேன்."

அவன் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தான். அவசரமில்லாமல் பையில் வைத்தான்.

"திங்கட்கிழமைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டா" என்றான்.

எழுந்தான். நாற்காலியை இருந்த இடத்தில் தள்ளி வைத்தான். கதவருகே செருப்பு மாட்டும்போது வார் சிக்கிக்கொண்டது. குனிந்து சரி செய்தான். சகாயராஜ் உட்கார்ந்தே இருந்தான்.

படியில் ரெஹானாவின் குரல் கேட்டது. "டீ வாங்கிட்டு வந்துட்டேனே, எங்க கிளம்பிட்டீங்க?" குமணன் ஏதோ பதில் சொன்னதும் இறங்கிப் போனதும் தெரு இரைச்சலில் கரைந்தன.

அவள் உள்ளே வந்து மூன்று கிளாஸ்களையும் மேஜையில் வைத்தாள். சகாயராஜின் முகத்தைப் பார்த்தாள்.

"குமணன் அண்ணா எங்கண்ணா போறாரு?"

"வேலைக்கு" என்றான் சகாயராஜ்.